பெயர் தெரியாத பத்து கேம்: அருமனை வீடொன்றின் மிஸ்டரி கீ கணக்கு

2024 கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, சி.பி.யூ.வைப் பழைய சேலையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, மார்த்தாண்டத்தில் இருக்கும் என் கடைக்குக் கொண்டுவந்தார். "வைரஸ் கேறியிருக்கு சார். அசிங்கப் படமா வருது. வீட்டுல சின்னவன் இருக்கான்" என்றார். கூட வந்த மூத்த மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மானிட்டரில் மாட்டிப் பார்த்தேன். வைரஸ் எதுவும் இல்லை. டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான்களில் ஒன்று சீட்டு விளையாட்டு கேம். ஒவ்வொரு ஆட்டம் ஜெயிக்கும்போதும் அரைகுறை ஆடையில் ஒரு பெண்ணின் படம் திறக்கும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று, ஸ்டீம் என்ற இணைய கேம் கடையின் பக்கத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. அந்த கேமை யாரும் தேடிப் போய் வாங்கவில்லை. பண்டிகைத் தள்ளுபடியில் ஒரு வெளிநாட்டுத் தளம் விற்ற "பத்து மிஸ்டரி கீ" கட்டில் ஒன்றாக அது வந்திருந்தது. கீ என்பது ஸ்டீமில் போட்டால் ஒரு கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு; மிஸ்டரி கீ என்றால் அது எந்த கேம் என்று வாங்கும்போது தெரியாது.

அந்த வீட்டாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர்கள் பெயரும் விற்ற தளத்தின் பெயரும் இங்கே வராது. ஒவ்வொரு சேல் முடிந்த பிறகும் இதே மாதிரிக் கதையோடு பையன்கள் கடைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் பெற்றோருக்குத் தெரியாமல் வருவார்கள், சேதமும் சின்னதாக இருக்கும், பேச்சும் அதோடு முடிந்துவிடும். இந்த ஒரு வீட்டில்தான் ரசீது முதல் கீ வரை எல்லாம் கையில் இருந்தது. உட்கார்ந்து கணக்குப் பார்க்க அவர்களுக்கும் மனம் இருந்தது.

வீடும் கணினியும்

அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு. மழை பெய்தால் வேலை கிடையாது. அம்மா முந்திரி ஆலைக்குப் போகிறார். மூத்தவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, பத்தொன்பது வயது. இளையவன் ஒன்பதாம் வகுப்பு. கணினி, கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்; 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. இன்டர்நெட், அம்மாவின் செல்போன் ஹாட்ஸ்பாட். இந்த விவரங்களை நான் சும்மா அடுக்கவில்லை. ஒரு கேம் இந்த வீட்டுக்கு உதவுமா உதவாதா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. பெயர் தெரியாமல் வாங்கும்போது இவற்றில் ஒன்றைக்கூடப் பொருத்திப் பார்க்க வழியில்லை.

வாங்கிய விதம்

தளத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: பத்து ஸ்டீம் கீ, 9.99 யூரோ, "150 யூரோ வரை மதிப்பு". பக்கத்திலேயே பெரிய கேம்களின் அட்டைப் படங்கள் நாலைந்து. அவற்றில் ஒன்று கிடைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு கீயிலும் உண்டு என்று ஒரு வரி. எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு எங்கேயும் எண் இல்லை.

"அண்ணே, பதிமூணாயிரம் ரூவா சாமானம் ஆயிரத்துக்குள்ளன்னு கணக்குப் போட்டேன். பத்துல ரெண்டு நல்லது வந்தாலும் போரும்னு நெனச்சேன்" என்றான் மூத்தவன். அந்த நினைப்பில் பேராசை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பண்டிகைக்குக் கையில் கொஞ்சம் காசு வந்திருந்தது, தம்பியும் அவனும் சேர்ந்து விளையாட ஏதாவது கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கிறான்.

காசைத் தளத்துக்கு அனுப்ப வழி தேவைப்பட்டது. அங்கே யுபிஐ கிடையாது, கார்டு மட்டும்தான். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வேண்டும் என்றால் கார்டுக்காரர்தான் திறக்க வேண்டும். இவன் அம்மாவிடம் ரொக்கத்தைக் கொடுத்து, "ஒரு ஆர்டர் போடணும்" என்று சொல்லிக் கார்டை வாங்கி, வங்கி செயலியில் அதைத் திறந்துவிட்டான். அம்மா ஓடிபி வரும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தார். ஓடிபி வரவில்லை, பணம் போன எஸ்எம்எஸ்தான் வந்தது. வங்கியின் அன்னியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 926 ரூபாய்.

"ஓடிபி கேக்காம எப்பிடி சார் போச்சு?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி. நம் நாட்டு வணிகருக்குப் பணம் கொடுக்கும்போதுதான் அந்த இரண்டாம் பூட்டு கட்டாயம். வெளிநாட்டுத் தளம் கேட்காமலே பணத்தை எடுத்துக்கொள்ள முடியும். கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் பின்பக்க மூன்று இலக்கமும் போதும். நான் பார்த்தபோதும் அந்த வசதி திறந்தேதான் கிடந்தது. கேமைப் பற்றிப் பேசும் முன்னால் அதை மூடவைத்தேன். இந்த நிகழ்வில் எனக்கு அதிகம் பயம் தந்தது, போன 926 ரூபாயைவிட, திறந்து கிடந்த அந்தக் கதவுதான்.

பத்து கீயும் என்ன ஆயின

மூத்தவனை உட்காரவைத்து ஒவ்வொரு கேமாகப் பார்த்தோம். ஸ்டீம் கடைப் பக்கத்தில் முழு விலை. ஸ்டீம்டிபி தளத்தில் அந்த கேம் இதுவரை எவ்வளவு குறைவான விலைக்கு விற்றிருக்கிறது என்ற வரலாறு. இரண்டையும் ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னேன்.

பத்தின் முழு விலையும் சேர்ந்து 5,316 ரூபாய். விளம்பரத்தில் சொன்னதில் பாதிகூட இல்லை. அவன் முகம் அப்போதும் வாடவில்லை, "தொள்ளாயிரத்துக்கு அஞ்சாயிரம் லாபந்தானே" என்றான். பிறகு அடுத்த பத்தியைக் கூட்டினான். அதே பத்து கேம்களும் பழைய தள்ளுபடிகளில் இறங்கிய அடிமட்ட விலை மொத்தம் 642 ரூபாய். 480 ரூபாய் என்று ஒட்டியிருந்த கேம் 48 ரூபாய்க்கும், 250 ரூபாய் கேம் 25 ரூபாய்க்கும் விற்றிருக்கின்றன. முழு விலைக்கு அதை யாரும் வாங்குவதில்லை. அந்த விலை தள்ளுபடி சதவீதத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காக ஒட்டிய சீட்டு.

கழித்தல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஒரு கேம் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. 110 ரூபாய் போச்சு. கார் பந்தய கேமின் கீ இந்தியாவில் செல்லாது என்று ஸ்டீம் சொல்லிவிட்டது, 88. இன்னொரு கீயை வேறு யாரோ முன்பே பயன்படுத்தியிருந்தார்கள்; 70. ஜோம்பிகளைச் சுடும் கேம் தனி கிராபிக்ஸ் கார்டு கேட்டது. ஒரு நாள் டேட்டாவைத் தின்று டவுன்லோடு ஆன பிறகுதான் அது தெரிந்தது, 48. சீட்டு விளையாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 53. மிச்சம் ஐந்து கேம், அடிமட்ட விலையில் 273 ரூபாய்.

அந்த ஐந்தில் ஒன்று நல்ல கேம் என்பதையும் சொல்லியாக வேண்டும். துப்பறியும் கதை, சண்டை கிடையாது, துப்புகளைப் படித்து யார் குற்றவாளி என்று எழுத வேண்டும். இளையவன் அரையாண்டு விடுமுறை முழுக்க அதைத்தான் விளையாடியிருக்கிறான். இங்கிலீஷில் புரியாத இடத்தில் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டு, தனியாக ஒரு நோட்டில் பெயர்களை எழுதி அம்புக்குறி போட்டு இணைத்திருந்தான். அந்த நோட்டை எனக்குக் காட்டினான். பெயர் தெரிந்து வாங்கியிருந்தால் இந்த வகை கேமை அவர்கள் எடுத்தே இருக்கமாட்டார்கள். எதிர்பாராமல் ஒன்று கிடைத்து மனசுக்குப் பிடித்துப்போகும் சந்தோஷம் உண்மையானது, மிஸ்டரி கீ அதை நிஜமாகவே தருகிறது. அதற்கு யாராவது ஐம்பதோ நூறோ கொடுத்தால் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். இங்கே கொடுத்தது 926. அந்த நல்ல கேமின் தள்ளுபடி விலை 150.

இந்தக் கீகள் எங்கிருந்து வருகின்றன

ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2017 ஜூனில் 'ஸ்டீம் டைரக்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஒரு கேமை அங்கே வெளியிடலாம். கேம் 1,000 டாலர் விற்பனையைத் தொட்டால் அந்த 100 திரும்பிவரும். தனியாக உழைக்கும் சிறு படைப்பாளிகளுக்கு அது பெரிய வாசல். அதே வாசல் வழியாகக் குப்பையும் வந்தது. 2024-இல் மட்டும் ஸ்டீமில் 18,000-க்கும் மேல் புதிய கேம்கள் வந்தன. ரெடிமேடாக விலைக்குக் கிடைக்கும் படங்களையும் பொம்மைகளையும் ஒட்டிச் சேர்த்து வரிசையாகக் கேம் தள்ளிய ஒரே ஆள்களின் 173 கேம்களை 2017 செப்டம்பரில் வால்வ் மொத்தமாகத் தூக்கியது.

கேம் வெளியிடுபவர் கேட்டால் வால்வ் அவருக்குக் கீகளை இலவசமாகக் கொடுக்கும்; வெளியே அவர் விற்கும் கீயில் வால்வ் பங்கு கேட்பதில்லை. ஆகவே விற்காத கேமின் கீ, வெளியிட்டவருக்குச் செலவே இல்லாத சரக்கு. அதை மொத்தமாகச் சில காசுக்குத் தள்ளிவிட்டாலும் அவருக்கு வரவுதான். பெயரைச் சொன்னால் யாரும் வாங்காத சரக்கு, பெயரை மறைத்தால் விற்றுவிடும். மிஸ்டரி கட்டின் அடித்தளம் இதுதான். மேலே தெரியும் நாலைந்து பெரிய கேம்கள் கண்ணுக்காக.

இரண்டாவது ஊற்று இதைவிட மோசம். திருட்டு கார்டில் கீ வாங்கி, கைமாற்றி விற்பது. கார்டுக்குச் சொந்தக்காரர் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெறும்போது நஷ்டம் கேம் செய்தவர் தலையில் விழுகிறது. கீ விற்கும் சந்தைத் தளமான ஜி2ஏ, ஃபேக்டோரியோ கேமின் 198 திருட்டுக் கீகள் தன் தளத்தில் விற்கப்பட்டதை 2020 மே மாதம் ஒப்புக்கொண்டு, அதை உருவாக்கிய வூப் நிறுவனத்துக்கு 39,600 டாலர் கொடுத்தது. எல்லாத் தளமும் அப்படி இல்லை. ஃபனாடிக்கல் போன்றவை பதிப்பாளர்களிடமிருந்தே நேரடியாகக் கீ எடுக்கின்றன. அவையும் மிஸ்டரி கட்டு விற்கின்றன, அங்கே திருட்டுக் கீ பயம் இல்லை. நம் பையன் வாங்கிய இடம் அந்த ரகம் இல்லை. அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் விற்பனையாளராகலாம். ஏற்கெனவே பயன்படுத்திய கீ ஒன்று வந்ததிலேயே அது தெரிகிறது.

அம்மாவின் கேள்வி

நாங்கள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்ததை அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூத்தவன் வாய்ப்பு, அதிர்ஷ்டம் என்று ஏதோ சொன்னபோது குறுக்கிட்டார்: "ஏன் மக்களே, பனச்சமூட்டுல விக்கிற லாட்டரிச் சீட்டுக்குக்கூட மொதப் பரிசு எத்தனை, ரெண்டாம் பரிசு எத்தனைன்னு கணக்கு உண்டு. இதுல அது எங்க?"

இந்த நிகழ்வில் யாரும் சொன்னதில் மிகச் சரியான வார்த்தை அதுதான். தமிழ்நாட்டில் 2003-இலிருந்து லாட்டரி கிடையாது. கேரள அரசோ 1967-இலிருந்து நடத்திவருகிறது. களியக்காவிளை, பனச்சமூடு என்ற எல்லை ஊர்களைத் தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கி வீட்டைக் காலியாக்கியவர்களை எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருமே பார்த்திருக்கிறோம். லாட்டரிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எத்தனை பரிசு, என்ன தொகை, எந்த நாளில் குலுக்கல் என்பது விற்கும் முன்பே ஊரறிய வெளியாகிறது. முடிவும் பத்திரிகையில் வருகிறது. மிஸ்டரி கீயில் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கு மட்டும் தெரியும்.

எண் தெரிந்தால் என்ன மாறும் என்று மூத்தவன் கேட்டான். நூறு கீயில் ஒன்று 3,000 ரூபாய் கேம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கீக்கு அந்த ஆசையின் சராசரி மதிப்பு 30 ரூபாய். பத்து கீ வாங்கினால் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு பத்து சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அதாவது பத்துப் பேர் வாங்கினால் ஏறக்குறைய ஒன்பது பேருக்குக் கிடைக்காது. ஐந்நூறில் ஒன்று என்றால் ஐம்பது பேரில் ஒருவருக்கு. இந்தக் கணக்கைப் போட ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடமே போதும், ஒரே ஒரு எண்ணை விற்பவர் சொன்னால். சொல்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. கேமுக்குள் பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளில் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பதை வாங்கும் முன் காட்ட வேண்டும் என்று ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் 2017 டிசம்பரிலேயே விதி வைத்துவிட்டது. கேட்டால் சொல்வார்கள். கேட்காதவரை மறைப்பார்கள்.

புகார்

விற்றவருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினோம். பயன்படுத்திய கீ, இந்தியாவில் செல்லாத கீ, வயது எச்சரிக்கை இல்லாமல் வந்த கேம் என்று மூன்று விஷயம், ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்தோம். பயன்படுத்திய கீக்குப் பதில் வேறு கீ வந்தது. அதுவும் 25 ரூபாய் ரகம். இந்தியாவில் செல்லாததற்கு, "எந்த நாட்டில் செல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை" என்று நிபந்தனைகளின் அடியில் எழுதியிருப்பதாகப் பதில். மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

ஸ்டீமிடம் கேட்க முடியாது. அங்கேயே வாங்கிய கேம் என்றால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்ப வரும். வெளியே வாங்கிய கீக்கு அது பொருந்தாது. இன்னொரு சிக்கலும் அப்போது கண்ணில் பட்டது. ஸ்டீம் கடையில் 5 டாலர் அளவுக்காவது செலவு செய்யாத கணக்கு 'வரம்புள்ள கணக்கு' ஆகவே இருக்கும், அதிலிருந்து நண்பர்களுக்கு அழைப்பு அனுப்ப முடியாது. கீயைப் போட்டு ஏற்றிய கேம் இந்தச் செலவில் சேராது. 926 ரூபாய் செலவழித்தும் வகுப்பு நண்பர்களை அவனால் சேர்க்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020-இன் மின்வணிக விதிகள், இந்தியாவில் இருப்பவர்களுக்கு முறையாக விற்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் பொருந்தும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் அலுவலகமே இல்லாத ஒருவர் மேல் 926 ரூபாய்க்கு வழக்குப் போட்டு உத்தரவை நிறைவேற்றவைப்பது, வேலைக்குப் போகாமல் அலையும் நாட்களின் கூலியைப் பார்த்தால் இந்த வீட்டுக்குக் கட்டாது. அதை அவர்களிடம் அப்படியேதான் சொன்னேன். இங்கே அலுவலகம் வைத்திருக்கும் தளம் என்றால் 1915-ஐ அழைக்கச் சொல்லியிருப்பேன்.

வீட்டில் செய்த ஏற்பாடு

சீட்டு விளையாட்டை அன்இன்ஸ்டால் செய்தால் போதாது, கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். ஸ்டீம் உதவிப் பக்கத்தில் அந்த கேமைத் தேர்ந்தெடுத்து, 'கணக்கிலிருந்து நிரந்தரமாக நீக்கு' என்று கேட்டால் நீக்கிவிடுவார்கள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூத்தவன் அதைச் செய்தான். வயது வந்தோருக்கான கேம்களைக் காட்டாதே என்று ஸ்டீம் அமைப்பில் ஏற்கெனவே குறித்துத்தான் வைத்திருந்தான், பாவம். அது கடையில் எதைக் காட்டலாம் என்பதற்கான வடிகட்டி. வெளியிலிருந்து வரும் கீ அந்த வழியாக வருவதில்லை. பெயர் தெரியாத கீயைச் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் திறக்கக் கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் இளக்கம் இல்லை. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

2024 செப்டம்பரில் வந்த 'ஸ்டீம் ஃபேமிலிஸ்' வசதியில் ஒரே வீட்டில் ஆறு பேர் வரை சேரலாம். ஒருவர் வாங்கிய கேமை மற்றவரும் விளையாடலாம். மூத்தவனைப் பெரியவராகவும் இளையவனைச் சிறுவனாகவும் சேர்த்தோம். சின்னவன் எந்த கேமைத் திறக்கலாம் என்பதைப் பெரியவர் முடிவு செய்யலாம். ஒரு கேம் வேண்டும் என்றால் சின்னவன் கோரிக்கை அனுப்ப, பெரியவர் சம்மதித்துப் பணம் கட்டுவார். பணம் ஸ்டீமிலேயே யுபிஐ வழியாகப் போகும், ரூபாயில். கார்டு இனி அம்மாவின் பையை விட்டு வெளியே வராது என்று பேச்சு.

2025 ஜூன் 26-இல் ஸ்டீம் கோடைத் தள்ளுபடி தொடங்கியதும் இளையவனின் முதல் கோரிக்கை அண்ணனுக்குப் போயிருக்கிறது: போர்ட்டல் 2. 2011-இல் வால்வ் வெளியிட்டது. இரண்டு பேர் சேர்ந்து விளையாட அதில் தனிக் கதையே உண்டு. பழைய டெஸ்க்டாப்பிலும் ஓடும், தள்ளுபடி நாட்களில் முழு விலையில் சின்னப் பங்குக்கே கிடைக்கும். சம்மதம் கொடுப்பதற்கு முன் மூத்தவன் எனக்குப் போன் செய்தான். கேமின் ஜிபி எத்தனை, ரேம் எவ்வளவு கேட்கிறது, இதற்கு முன் எவ்வளவுக்கு இறங்கியிருக்கிறது என்று அவனே வரிசையாகச் சொல்லிவிட்டு, "வாங்கட்டாண்ணே?" என்றான். வாங்கச் சொன்னேன்.